டிரம்மோடு மல்லுக்கட்டாதீர்கள்

கேள்வி: காரின் பின் சக்கர பிரேக் ஷூவை (டிரம்மின் உட்புறத்தில் உரசி வண்டியை நிறுத்தும் கட்டை) வீட்டிலேயே மாற்றலாம் என்று சக்கரத்தைக் கழற்றிவிட்டேன். ஷூவை மூடியிருக்கும் வட்டக் கூடான டிரம் அசையவே மாட்டேன் என்கிறது. பெரிய சுத்தியலால் நாலு போடு போட்டால் வந்துவிடும் என்கிறார் என் கணவர். போடலாமா?
- ஒரு வாசகி

பதில்: சுத்தியலை அவர் கையிலிருந்து வாங்கி வையுங்கள் அம்மா. டிரம் வார்ப்பிரும்பு. விளிம்பில் ஓங்கி அடித்தால் உடையும், சில்லு தெறித்துக் கண்ணில் படும்.

எது பிடித்து வைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஹேண்ட் பிரேக் போட்டபடி இருந்தால் டிரம் எப்படி வரும்? முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தியபின் ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். அடுத்து, டிரம்மின் நடுவில் மூடி இருக்கிறதா? சில கார்களில் டிரம்மும் ஹப்பும் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ஒரே வார்ப்பு. மூடிக்குள் இருக்கும் பெரிய நட்டைக் கழற்றாமல் தட்டினால் பேரிங்தான் போகும். முகப்பில் சின்ன ஸ்குரூ இருந்தால் அதையும் எடுங்கள்.

இதெல்லாம் சரி, இன்னும் வரவில்லையா? இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். கொஞ்சம் வெளியே வந்து டக்கென்று நின்றால், உள்ளே தேய்ந்த இடத்தின் ஓரத்தில் விளிம்பு கட்டி, ஷூ அதில் மாட்டுகிறது. டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தட்டில் ரப்பர் அடைப்பை எடுத்தால் துளை தெரியும். அதன்வழியே ஸ்குரூ டிரைவரை விட்டு அட்ஜஸ்டரை (ஷூக்களை டிரம் பக்கம் தள்ளி வைக்கும் திருகு) தளர்த்துங்கள்.

ஒரு நூல்கூட அசையவில்லை என்றால், டிரம்மின் நடுத்துளை ஹப்பில் உட்காரும் இடத்தில் துரு. அங்கே மட்டும் துரு இளக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊற விடுங்கள். அது ஷூவில் படக் கூடாது. டிரம் முகப்பில் எதிரெதிரே மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கின்றனவா? பல கார்களில் 8 மி.மீ. போல்ட், 1.25 மி.மீ. இடைவெளி மரை அதில் சேரும். இரண்டையும் மாற்றி மாற்றி அரைச் சுற்றாக முடுக்குங்கள், அவை டிரம்மை வெளியே தள்ளும். நடுநடுவே சக்கர நட்டுகள் மாட்டும் ஸ்டட்களுக்கு இடையில் மட்டும் மெதுவாகத் தட்டுங்கள். போல்ட் இறுகிவிட்டால் மேலே திருகாமல் இன்னும் எண்ணெய் விடுங்கள். 'டங்' என்று ஒரு சத்தத்தோடு கழன்று வரும். அந்தச் சத்தம் எனக்கு இன்றும் பிடிக்கும்.

உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில், அதாவது ஷூவின் மேல் உரசும் பட்டையில், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். திரும்ப மாட்டும் முன் ஹப்பில் டிரம் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, துரு பிடிக்காத பசையை மெல்லிசாகப் பூசினால் அடுத்த தடவை இந்தப் பாடு இல்லை.

அப்புறம், டிரம் வெளியே இருக்கும்போது வீட்டில் யாரும் பிரேக் பெடலை மிதிக்க வேண்டாம். ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.