கொல்லைக்கு வந்த ஆறுமணிக்குருவி

கேள்வி: சென்னைப் புறநகரில் வீடு. அக்டோபர் பிறந்ததிலிருந்து நான்கு நாட்களாக, மைனாவைவிடச் சிறிய ஒரு பறவை மாமரத்தடியில் சருகைக் கிளறுகிறது. முதுகு பச்சை, அடிவயிற்றின் கீழே சிவப்பு, வால் இருப்பதே தெரியவில்லை. கதவைத் திறந்தால் ஓடிவிடுகிறது. மொபைலில் எடுத்த படமெல்லாம் மங்கல். இது என்ன பறவை? நல்ல படம் எடுக்க என்ன வழி?

பதில்: குட்டை வால், சிவந்த அடிவயிறு, அதுவும் அக்டோபர். ஆறுமணிக்குருவியாகத்தான் இருக்கும். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். கண்ணை ஒட்டிப் பட்டையான கறுப்புக் கோடும், வெள்ளைத் தொண்டையும், இறக்கையில் நீலத் திட்டும் இருக்கிறதா பாருங்கள். விடிகாலையிலும் அந்தி சாயும்போதும் இரட்டைச் சீழ்க்கை கேட்டால் சந்தேகமே வேண்டாம். பெயர் வந்ததே அந்த ஆறு மணிக் கச்சேரியால்தான். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற விருந்தாளி.

படத்துக்கு முதல் வேலை, கொல்லையைப் பெருக்காமல் இருப்பது. வீட்டில் திட்டு விழும்தான். ஆனால் அந்தச் சருகுதான் அதன் சாப்பாட்டு இலை. அலகால் ஓர் இலையைப் புரட்டும், புழுவைக் கொத்தும், இரண்டு தத்து தத்தி அப்படியே சிலையாக நிற்கும். அந்த நிற்கிற நொடிதான் உங்களுக்கு வேண்டியது.

துரத்தாதீர்கள். பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பி வரும். அது வருவதற்கு முன்பே ஜன்னலோரம் போய், அறை விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். நாற்காலி வேண்டாம், பறவையின் கண் மட்டத்துக்கு லென்ஸ் இறங்கினால்தான் படத்தில் உயிர் இருக்கும். மரநிழல் என்பதால் கேமராவில் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/250 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 1600 என்று தொடங்கிப் பாருங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டினால் பரவாயில்லை, அசைந்த படத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. மொபைல் மட்டும்தான் என்றால் ஜூமை முழுக்க இழுக்காதீர்கள். பைனாகுலர் இருந்தால் அதன் கண்வில்லையோடு மொபைல் லென்ஸை ஒட்டிவைத்து எடுக்கலாம்.

ஃபிளாஷ் கூடாது. அதன் குரலையே மொபைலில் ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் எனக்குப் பிடிக்காத வேலை. அவ்வளவு தூரம் பறந்து களைத்து வந்ததை, வேறொரு பறவை கூவுகிறதென்று நம்பவைத்து, இல்லாத எதிரியைத் தேடி அலையவிடுவானேன்? பூனை இருந்தால் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

மங்கல் படத்தையும் அழிக்க வேண்டாம். நிறங்கள் தெரிந்தால் போதும், தேதியும் இடமும் சேர்த்து பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைக் குறித்துவைக்கும் இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் பதியலாம். சென்னையில் இறங்குகிறவற்றில் பல, சில நாள் இளைப்பாறிவிட்டு இன்னும் தெற்கே போய்விடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல் நாளைக் காலையே உட்கார்ந்துவிடுங்கள்.