புதுப்பிப்புக் கடிதம் வந்தால் முதலில் எந்தத் தொகையைப் பார்ப்பது?

கேள்வி: ஐயா, நான் விசுவமடுப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். கணவர் பரந்தனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். 2018 இல் லீசிங்கில் ஒரு வகன் ஆர் கார் எடுத்தோம், போன வருடம் கட்டி முடித்துவிட்டோம். லீசிங்காரர் காட்டிய கம்பனியிலேயே இன்றைக்கும் இன்சூரன்ஸ் ஓடுகிறது. வீட்டையும் பிறகு அங்கேயே போட்டோம். வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியது. பின்னாளில் முன்னுக்கு விறாந்தையும் பின்னுக்கு ஓர் அறையும் குசினியும் இழுத்துக் கட்டினோம். அடுத்த மாதம் இரண்டுக்கும் தவணை. கார்க் கட்டணத்தைக் கூட்டியிருக்கிறார்கள். கணவருக்கு மருமகன் முறையான ஒரு பெடியன் வேறு கம்பனியில் முகவராக இருக்கிறான். காரையும் வீட்டையும் சேர்த்துப் போட்டால் நல்ல கழிவு எடுத்துத் தருவேன் என்கிறான். பழைய கம்பனி போன வருடம் பின் பம்பர் உடைந்ததற்குக் காசு தர இரண்டு மாதம் இழுத்தடித்தது. மாறவா, இருக்கவா?

பதில்: இரண்டு கம்பனியின் கட்டணத்தையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் கழித்துப் பார்த்திருப்பீர்கள், சகோதரி. எல்லாரும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு தொகை இல்லை: வீட்டை எவ்வளவுக்குப் போட்டிருக்கிறீர்கள், காரை எவ்வளவுக்குப் போட்டிருக்கிறீர்கள் என்பது. மாறுவதா இருப்பதா என்ற கேள்விக்கு அது தெரியாமல் மறுமொழி சொல்ல முடியாது. காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து அட்டவணைப் பக்கத்தைத் திறவுங்கள். ‘காப்புறுதித் தொகை’ என்று இருக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

வீட்டிலிருந்து தொடங்குகிறேன், உங்களுக்குப் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கும் என்பது என் எண்ணம். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கிடைத்தது ஐந்தரை இலட்சம் ரூபாய். அந்தக் காலத்திலேயே அது போதாமல் நகையை வைத்து முடித்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். இன்று அந்தக் காசுக்குக் கூரை வேலையே முடியாது. ஆனால் படிவம் நிரப்பும்போது “வீட்டின் பெறுமதி என்ன?” என்று முகவர் கேட்டால், நம்மவர்கள் திட்டக் காசையும் தாங்கள் போட்ட காசையும் கூட்டிச் சொல்லிவிடுவார்கள். கட்டணம் குறைவாக வரட்டும் என்று அதிலும் கொஞ்சம் குறைப்பவர்களும் உண்டு.

அதன் விளைவை ஒரு கணக்கில் காட்டுகிறேன். இப்போதுள்ள விலைக்கு உங்கள் வீட்டை அத்திவாரத்திலிருந்து திருப்பிக் கட்ட 60 இலட்சம் ஆகும் என்று வையுங்கள். பத்திரத்தில் 15 இலட்சம் என்று இருக்கிறது. புயலில் கூரை போய், ஒரு பக்கச் சுவரும் விழுந்து 8 இலட்சம் சேதம். 15 இலட்சத்துக்குள் தானே நிற்கிறது, 8 இலட்சமும் வரும் என்று நினைப்பீர்கள். வராது. நீங்கள் வீட்டின் கால்வாசிக்குத்தான் காப்புறுதி செய்தீர்கள், ஆகவே சேதத்திலும் கால்வாசி: 2 இலட்சம். அதிலும் உங்கள் கையிலிருந்து போக வேண்டிய ஆரம்பத் தொகையை, அதாவது ‘எக்சஸ்’ என்பதைக் கழித்துத்தான் தருவார்கள். இது கம்பனி செய்யும் ஏமாற்று அல்ல, பத்திரத்தில் எழுதியிருக்கும் நிபந்தனை. வாசகம் கம்பனிக்குக் கம்பனி கொஞ்சம் மாறும். உங்கள் பத்திரத்தில் எப்படி இருக்கிறது என்று தேடுங்கள்.

ஆகவே முதல் வேலை, ஊரில் வேலை தெரிந்த ஒரு மேசனைக் கூப்பிட்டு வீட்டை அளப்பித்து, சதுர அடிக்கு இப்போது என்ன போகிறது என்று கேட்பது. இழுத்துக் கட்டிய விறாந்தை, அறை, குசினி எல்லாம் அதில் சேர வேண்டும். காணியின் விலையைச் சேர்க்காதீர்கள், காணி எரியாது. தொகையைக் கூட்டினால் கட்டணம் கூடும், உண்மை. ஆனால் வீட்டுக் காப்புறுதிக் கட்டணம் கார்க் கட்டணத்தோடு பார்க்கும்போது சிறியது. கார்க் கட்டணம் கூடியதற்குக் கவலைப்படுகிற நாம் வீட்டை அரைகுறையாகப் போட்டுவிட்டு நித்திரை கொள்கிறோம்!

அடுத்தது, எந்தெந்தச் சேதம் உள்ளே, எது வெளியே. நெருப்பு எல்லாப் பத்திரத்திலும் இருக்கும். ஆனால் நமது பக்கம் வீட்டை அழிப்பது பெரும்பாலும் தண்ணீரும் காற்றும்தான். 2018 டிசம்பரில் ஓரிரவில் கொட்டிய மழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர் ஊராகத் தண்ணீர் ஏறியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. அதற்குப் பிறகு புதுப்பிக்கும் எந்தக் கம்பனியும் வெள்ளப் பிரிவில் நிபந்தனையையோ எக்சஸையோ மாற்றியிருக்கக்கூடும். போன வருடப் பத்திரத்தையும் இந்த வருடக் கடிதத்தையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வெள்ளம், புயல், மின்னல் மூன்றும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்க வேண்டும். மின்னலில் இன்னொன்று: கூரையில் இடி விழுந்து வெடித்தால் ஒரு கணக்கு, கம்பி வழியே வந்து ரீவியையும் குளிர்சாதனப் பெட்டியையும் எரித்தால் வேறு கணக்கு. இரண்டாவது பல இடங்களில் தனியாகக் கேட்டு எடுக்க வேண்டியது.

யானையைப் பற்றியும் கேளுங்கள். சிரிக்க வேண்டாம். கொழும்பில் அச்சடிக்கும் பத்திரத்தில் “விலங்குகள் மோதுவதால் ஏற்படும் சேதம்” என்று ஒரு வரி இருக்கலாம். குசினிச் சுவரை இடித்து நெல் மூட்டையை இழுக்கிற யானை அந்த வரிக்குள் வருமா என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் மறுமொழி வாங்குங்கள். “அதெல்லாம் வரும் அக்கா” என்ற வாய்ச்சொல் இழப்பீடு கேட்கும் நாளில் செல்லாது. கிணற்று மோட்டர், வளவில் தனியாக நிற்கும் கொட்டில், சோலர் தட்டு ஆகியவற்றையும் பட்டியலில் இருந்தால்தான் கணக்கெடுப்பார்கள். நகைக்கு ஓர் உச்சத் தொகை வைத்திருப்பார்கள். நமது நகையில் பாதி வங்கி அடகில்தான் பத்திரமாக இருக்கிறது என்பதால் அதை விட்டுவிடுவோம்.

வன்னிக்கே உரிய ஒரு சிக்கல் காணிப் பெயர். உறுதிக் காணி குறைவு, அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிதான் கூட. காணி அனுமதிப்பத்திரம் தகப்பனின் பெயரில் கிடக்க, வீட்டை மகள் கட்டிக் குடியிருப்பாள், காப்புறுதி மருமகனின் பெயரில் இருக்கும். சேதம் நடந்தால் உங்களுக்கு அந்த வீட்டில் என்ன உரித்து என்று கேட்பார்கள். இப்போதே கம்பனிக்கு உண்மை நிலையைச் சொல்லி, யார் பெயரில் எழுத வேண்டும் என்று கேட்டுச் சரிபண்ணிவிடுங்கள். விடுமுறைக்கு நீண்ட நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர் என்றால், ஆளில்லா வீட்டுக்கு எத்தனை நாள் வரை களவுக் காப்பு இருக்கும் என்பதையும் பாருங்கள்.

இனிக் கார். வீட்டில் தொகை குறைந்து கிடந்தால், காரில் இரண்டு பக்கமும் பிழைக்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். இடையில் பழைய காரின் விலை எங்கே ஏறியது என்று உங்களுக்கே தெரியும். ஏறிய காலத்தில் தொகையைக் கூட்டாதவர்களுக்கு, மேலே வீட்டுக்குச் சொன்ன அதே கணக்கு: எவ்வளவு குறைத்துப் போட்டார்களோ, சேதத்திலும் அந்த அளவு குறையும். கூட்டியவர்கள் அந்தத் தொகையை அப்படியே விட்டால், தேவையில்லாத கட்டணம் கட்டுகிறார்கள். கார் முழுதாக அழிந்தால் பொதுவாக அன்றைய சந்தை விலைக்கு மேல் தர மாட்டார்கள். ஆகவே இந்த வாரம் அதே ஆண்டு, அதே வகைக் கார் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று விளம்பரங்களில் நாலைந்து இடம் பாருங்கள். உங்கள் கட்டணம் கூடியதற்குக் காரணம் கம்பனி தொகையைக் கூட்டியதா, அல்லது பம்பருக்கு இழப்பீடு எடுத்ததால் இழப்பீடு கேட்காதவருக்குத் தரும் ‘நோ கிளெய்ம்’ கழிவு குறைந்ததா என்பதும் அப்போது தெளியும். இரண்டாவதுதான் காரணம் என்றால், புதுக் கம்பனியும் பழைய கம்பனியிடமிருந்து கடிதம் கேட்டுத்தான் கழிவு போடும். மாறினால் தப்பலாம் என்பது நடக்காது.

‘முழுக் காப்புறுதி’ என்ற பெயரை நம்பி இருக்க வேண்டாம். வெள்ளம் முதலிய இயற்கை அழிவு, கலவரம், பயங்கரவாதம் எல்லாம் பல கம்பனிகளில் கூடக் காசு கட்டிச் சேர்க்கும் பிரிவுகள். கழிவு கொடுத்துக் கட்டணத்தைக் குறைக்கிற இடத்தில் முதலில் கழற்றப்படுவது இவைதான். உதிரிப்பாகத்துக்கு உரிமையாளர் பங்கு எத்தனை வீதம் என்பதும் அப்படித்தான். பழைய காருக்குப் புது ஹெட்லைட் போட்டால் அதன் விலையில் ஒரு பங்கை உங்கள் தலையில் போடுவார்கள். மருமகனின் விலைப்பட்டியலில் அந்த வீதம் என்ன என்று பாருங்கள், கழிவு எங்கிருந்து வந்தது என்று விளங்கும்.

கட்டாக்காலி மாட்டை எழுதாமல் வன்னியில் கார் இன்சூரன்ஸ் பற்றி எழுத முடியாது. கனகராயன்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் ஏ-9 வீதியில் இரவு வந்தவர்களுக்குத் தெரியும், சூடு ஆறாத தாரில் மாடுகள் படுத்திருக்கும், கறுப்பு மாடென்றால் லைட் வெளிச்சத்தில் கண் மட்டும் மினுங்கும். மாடு செத்தால் சொந்தக்காரர் உடனே வந்துவிடுவார், கார் நொருங்கினால் அந்த மாட்டுக்குச் சொந்தக்காரரே கிடையாது. மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் உங்கள் காரின் சேதத்துக்கு ஒரு சதமும் இல்லை. அது மற்றவர்களுக்கு நேரும் உயிர், உடற் சேதத்துக்காகச் சட்டம் கட்டாயப்படுத்தியது. மற்றவருடைய சொத்துக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்பதற்கும் பத்திரத்தில் ஓர் உச்சம் இருக்கும். உங்கள் காருக்கு இனி லீசிங் இல்லை என்பதால் மூன்றாந்தரப்புக்கு இறங்குங்கள் என்று யாராவது சொன்னால், கேட்க வேண்டாம்.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிக் காசு வாங்குவது உண்டா? உங்கள் கார் தனியார் பாவனைக்கு என்று பதிந்திருந்தால், அந்த ஓட்டத்தில் நடக்கும் விபத்துக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். மகன் ஓட்டுகிறான் என்றால் அவனுடைய சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பாருங்கள். லீசிங் முடிந்ததும் காரை முழுமையாக உங்கள் பெயருக்கு மாற்றி, பத்திரத்திலிருந்து லீசிங் கம்பனியின் பெயரை எடுத்தீர்களா? எடுக்காவிட்டால் முழுச் சேதத்தின்போது காசு முதலில் அவர்களிடம் போய் நிற்கும்.

இப்போது கம்பனிகளுக்கு வருகிறேன். இரண்டு மாதம் இழுத்தார்கள் என்கிறீர்கள். அதை வைத்து உடனே தள்ளிவிட மாட்டேன். அந்த இரண்டு மாதத்தில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். பம்பர் கொழும்பிலிருந்து வரவில்லையா, கராஜ் மதிப்பீடு பிந்தியதா, உங்கள் பொலிஸ் பதிவு பிந்தியதா, அல்லது எல்லாம் கொடுத்த பிறகும் கிளையில் கோப்பு தூங்கியதா? கடைசியென்றால் அது கம்பனியின் குணம், பெரிய சேதத்திலும் அப்படித்தான் நடக்கும். முதல் மூன்றில் ஒன்றென்றால் புதுக் கம்பனியிலும் அதே இரண்டு மாதம்தான்.

புதுக் கம்பனியைப் பரிசோதிக்க, இரவு ஒன்பது மணிக்கு அவர்களுடைய விபத்து இலக்கத்துக்கு எடுத்துப் பாருங்கள். தமிழில் பேச ஆள் இருக்கிறாரா? பரந்தன்–முல்லைத்தீவு ஏ-35 வீதியில் விபத்தென்றால் மதிப்பீட்டாளர் கிளிநொச்சியிலிருந்து வருவாரா, வவுனியாவிலிருந்தா, யாழ்ப்பாணத்திலிருந்தா? படம் எடுத்து அனுப்பினால் போதுமா? காசு கட்டாமல் திருத்தித் தரும் கராஜ் கிட்டிய இடத்தில் எது, இழுத்துப்போகும் வாகனத்துக்கு எத்தனை கிலோமீற்றர் வரை தருவார்கள்? அந்தக் கராஜுக்கே நேரில் போய் எந்தக் கம்பனி காசு ஒழுங்காகக் கொடுக்கிறது என்று கேளுங்கள். முகவர் சொல்லாததைக் கராஜ்காரர் சொல்வார். கம்பனியின் நிதிநிலையையும் பார்க்கலாம்: காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, கம்பனிகளின் மூலதனப் போதுமை விகிதம், அதாவது பொறுப்புகளைத் தாங்கக் கையில் இருக்கும் மூலதனத்தின் அளவு, ஆகக் குறைந்தது 120 வீதமாவது இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. கம்பனிகள் வெளியிடும் கணக்கறிக்கையில் அந்த இலக்கம் இருக்கும். எல்லைக்கு ஒட்டிக்கொண்டு நிற்கிற கம்பனியில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க நான் வீட்டைப் போட மாட்டேன்.

என் முடிவு இதுதான். வீட்டையும் காரையும் ஒரே கூடையில் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீட்டுத் தொகையைச் சரியாகக் கூட்டிய பிறகு இரண்டு கம்பனியிடமும் புதிதாக எழுத்தில் விலை கேளுங்கள். தொகை, வெள்ளப் பிரிவு, எக்சஸ், உரிமையாளர் பங்கு நான்கும் ஒன்றாக இருக்கும்போது மட்டும் கட்டணத்தை ஒப்பிடுங்கள். அப்படி ஒப்பிட்டும் மருமகனின் விலை குறைவாக இருந்து, கராஜ்காரரும் நல்ல சொல் சொன்னால், மாறுங்கள். இல்லையென்றால் காரைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு வீட்டை மட்டும் அவனிடம் கொடுங்கள், உறவும் கெடாது. எப்படியும் படிவத்தை நீங்களே தமிழில் நிரப்புங்கள், வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். காசைக் கம்பனியின் கணக்குக்குக் கட்டி, கம்பனியின் பற்றுச்சீட்டை வாங்குங்கள். பழைய பத்திரம் முடியும் நாளும் புதியது தொடங்கும் நாளும் ஒட்டியிருக்க வேண்டும், ஒரு நாள் இடைவெளியும் கூடாது.

மாரி மழை தொடங்க முன் வீட்டை நாலு பக்கமும், கூரை, மின்சாரப் பெட்டி, மோட்டர், தளபாடம் உட்படக் கைபேசியில் படம் எடுத்து, வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். கைபேசி தண்ணீரில் போனாலும் படம் இருக்கும். கார் வெள்ளத்தில் நின்றுவிட்டால் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள். தண்ணீர் புகுந்த இயந்திரத்தைச் சுழற்றி உடைத்ததற்கு, அது வெள்ளத்தால் வந்த சேதமல்ல, உங்கள் செயலால் வந்தது என்று கம்பனி வாதாடும். இழப்பீட்டில் சண்டை வந்தால் முதலில் கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள், அங்கே சரிவராவிட்டால் கொழும்பில் இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார்.