எச்சில் அறிக்கையை விடுங்கள், 6.2-ஐக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு 37 வயது. அப்பா 44 வயதில் மாரடைப்பில் இறந்தார். இணையத்தில் வாங்கிச் செய்த எச்சில் மரபணுச் சோதனையில் மறதி நோய், நீரிழிவு, பார்வைக் குறைபாடு என்று நிறைய ஆபத்து காட்டுகிறது. கெட்ட கொழுப்பு (LDL) லிட்டருக்கு 6.2 மில்லிமோல். அதைக் குறைக்கத் தந்த ரோசுவாஸ்டேட்டின் மாத்திரையால் தசைவலி வந்தது. வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டு அதை நிறுத்தி, பூண்டு மாத்திரையும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையும் சாப்பிடுகிறேன். மருத்துவமனையில் மரபணுப் பரிசோதனை செய்தால் காப்புறுதி கிடைக்காதாமே? 8 வயதில் மகன் இருக்கிறான். (யீஷூன் வாசகர்)

பதில்: அப்பா போன வயதில் நாமும் போய்விடுவோமோ, பையனுக்கும் அதைக் கொடுத்துவிட்டோமோ என்பதுதான் உங்கள் பயம். அது நியாயமான பயம். தீர்க்க வழியும் இருக்கிறது.

எச்சில் அறிக்கையை மடித்து வையுங்கள். அதில் போட்டிருக்கும் சதவீதங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவை வைத்துக் கணக்கிட்டவை. நமக்கு அப்படியே பொருந்தாது. இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் இங்கே சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என முதலில் 10,000 பேர், அடுத்து 1,00,000 பேரின் மரபணுத் தொகுப்பை ஆராயும் தேசியத் திட்டம் நடக்கிறது. நீரிழிவு பயமென்றால் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள், போதும்.

நீங்கள் உடனே கவனிக்க வேண்டியது 6.2 என்ற எண்ணும் அப்பாவின் 44 வயதும் சேர்ந்து வருவதை. கெட்ட கொழுப்பு 4.9-ஐத் தாண்டினாலே மரபுவழி உயர் கொழுப்பு நோயாக இருக்குமோ என்று நாங்கள் சந்தேகிப்போம். ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரலில் உண்டு. அவற்றை உருவாக்கும் மரபணுவில் பிழை இருந்தால், பிறந்த நாளிலிருந்தே கொழுப்பு தேங்கத் தொடங்கிவிடும். பரோட்டாவை அடியோடு நிறுத்தினாலும் இது சரியாகாது. சிகிச்சை எடுக்காத ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதய நோய் வருகிறது. சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால் அந்த ஆபத்து பெருமளவு குறைந்துவிடும்.

இன்றே ஒன்று செய்யுங்கள். குதிகாலுக்கு மேலே, கெண்டைக்காலோடு சேரும் தசைநாணை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் தடவிப் பாருங்கள். ஒரே சீராக இல்லாமல் தடிப்பாகவோ முண்டு முண்டாகவோ தட்டுப்பட்டால் அது கொழுப்புப் படிவாக இருக்கலாம். கண்ணாடியில் கருவிழி ஓரத்தையும் பாருங்கள். வயதானவர்களுக்குச் சாம்பல் நிற வளையம் இருப்பது சாதாரணம். உங்கள் வயதில் இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லையென்றாலும் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், பலருக்கு வெளியே எதுவும் தெரியாது. மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுகி, உட்கார்ந்தும் அடங்கவில்லை என்றால் அவசர மருத்துவ உதவிக்கு 995-ஐ அழையுங்கள்.

மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருக்கும் மொனகோலின் கே என்பதும் லோவாஸ்டேட்டின் என்ற மருந்தும் ஒன்றேதான். நீங்கள் நிறுத்திய ரோசுவாஸ்டேட்டினைப் போலவே அதுவும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் வகை மருந்து. ஸ்டேட்டினுக்குப் பயந்து, எவ்வளவு இருக்கிறதென்றே தெரியாத இன்னொரு ஸ்டேட்டினை விழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள்! உங்கள் தசைவலிக்குச் செய்யக்கூடியது உண்டு. சிங்கப்பூரில் வசிக்கும் பல இனத்தவரிடம் செய்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், அதே அளவு ரோசுவாஸ்டேட்டின் கொடுத்தபோது இந்தியர்களின் ரத்தத்தில் மருந்து ஐரோப்பியர்களைவிட 1.6 மடங்கு சேர்ந்தது. சீனர்களிடம் இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே குறைந்த அளவில் மீண்டும் தொடங்கலாம், வேறு ஸ்டேட்டினுக்கு மாறலாம், ஸ்டேட்டின் அல்லாத எசெடிமைப் என்ற கொழுப்புக் குறைப்பு மருந்தைச் சேர்க்கலாம். இதை மருத்துவர் முடிவு செய்யட்டும். இதேபோல் இன்னோர் உதாரணம்: வலிப்புக்குத் தரும் கார்பமசெபின் மருந்தை ஆரம்பிக்கும் முன் ஒரு மரபணுவைச் சோதிப்பது 2013 முதல் இங்கே வழக்கம். உடல் முழுதும் தோல் உரியும் கொடிய ஒவ்வாமையை அது தடுக்கிறது. நம் வட்டார மக்களை ஆராய்ந்ததால் கிடைத்த பலன்கள் இவை.

காப்புறுதி பற்றி: 2021 அக்டோபரில் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, மரபணுப் பரிசோதனை செய்துவரும்படி நிறுவனங்கள் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. உங்கள் கொழுப்பு அளவையும் அப்பாவின் நோயையும் அவர்கள் எப்படியும் கேட்பார்கள். பரிசோதனையைத் தவிர்ப்பதால் அவை மறையப்போவதில்லை.

2025 ஜூன் முதல் மரபுவழி உயர் கொழுப்பு நோய்க்கான தேசிய மரபணுப் பரிசோதனைத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. தகுதியுள்ளவர்களுக்கு 70 விழுக்காடு வரை மானியம் உண்டு. பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பரிந்துரை கேளுங்கள்.

உங்களுக்குப் பிழை உறுதியானால் மகனுக்கு இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. கூடப் பிறந்தவர்களுக்கும் அப்படியே. உங்களிடம் கண்ட அந்த ஒரு பிழையை மட்டும் அவர்களிடம் தேடினால் போதும். செலவும் குறைவு. மகனின் கொழுப்பு அளவை இப்போதே பார்த்துவிடலாம். மாத்திரை தேவைப்பட்டால் 8 முதல் 10 வயதில் தொடங்குகிறோம். தங்கையோ அக்காவோ கர்ப்பமாகத் திட்டமிட்டிருந்தால், மாத்திரை ஆரம்பிக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். போகும்போது பழைய ரத்த அறிக்கைகளையும், கிடைத்தால் அப்பாவின் மருத்துவமனைத் தாள்களையும், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை டப்பாக்களையும் எடுத்துச் செல்லுங்கள்.