கணவாய் ஊர் பக்கத்து ஊர்களுடன் இணைந்தது என்றால் என்ன பொருள்?

மலையைக் கடக்கும் வழியில், வழிப்போக்கரை நம்பி முளைத்த குடியிருப்புதான் கணவாய் ஊர். சுவிட்சர்லாந்தின் பீவியோவைப் பாருங்கள். 1,769 மீட்டர் உயரத்தில், ஜூலியர், செப்டிமர் கணவாய்ப் பாதைகள் பிரியும் இடம். பெயருக்கே ‘இருவழி’ என்றுதான் பொருள். இத்தாலியன், ரோமான்ஷ், ஜெர்மன் என மூன்று மொழிகளும் ஒரே சிற்றூரில் புழங்கியது எனக்கு இன்றும் வியப்பு. பாதை கொண்டுவந்த செல்வம் அது!

1882இல் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து வேறோர் இடத்தில் கோத்தார்ட் ரயில் சுரங்கம் திறந்தது. ஆல்ப்ஸைத் தாண்டும் சரக்கு அந்தப் பக்கம் திரும்பியது. பைபாஸ் வந்ததும் பழைய சாலையோர டீக்கடை வெறிச்சோடுமே, அப்படித்தான். ஆள் குறைந்த ஊருக்குத் தனி நிர்வாகம் பெருஞ்சுமை. 2016இல் பீவியோவும் அக்கம்பக்கத்து எட்டு ஊராட்சிகளும் சேர்ந்து சுர்செஸ் என்ற ஒரே ஊராட்சி ஆயின.

இணைந்ததால் ஊரே காலியானதாகப் பலர் நினைக்கிறார்கள். பீவியோவில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள், மாறியது நிர்வாக எல்லைதான்.