இங்கிலாந்தில் அறுபதைத் தாண்டிய பெண்கள் கடைக்குப் போய்த் துணி வாங்குவது ஏன் இவ்வளவு சிரமமாகிவிட்டது?

"என் அம்மாவுக்கு 66 வயது, லண்டனில் எங்களோடு இருக்கிறார். கடை கடையாக ஏறி இறங்கியும் உருப்படியாக ஒரு மேல்சட்டை அமையவில்லை. எப்போதுமே இப்படித்தானா? எங்கே போய் வாங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. உங்கள் அம்மாவின் உடம்பிலும் குறை இல்லை, அதை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். டிரயல் ரூமிலிருந்து வெறுங்கையோடு வெளியே வரும் பெண்கள் பெரும்பாலும் தங்கள் இடுப்பையும் வயிற்றையும்தான் நொந்துகொள்கிறார்கள். குற்றம் துணியை வெட்டிய விதத்தில் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

நான் எண்பதுகளின் கடைசியிலிருந்து தெற்கு லண்டனில் குராய்டன் பக்கம் இருப்பவள். அலுவலக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அந்தக் காலத்தில் குராய்டனில் ஆல்டர்ஸ் என்று ஒரு பெரிய பல்பொருள் அங்காடி இருந்தது. 1862இல் தொடங்கிய கடை. பெண்கள் ஆடைப் பகுதிக்குப் போனால் நம் அம்மா வயதில் ஒரு பெண்மணி கழுத்தில் அளவு நாடாவோடு நிற்பார். நாம் எதையும் கேட்பதற்கு முன்பே தோளைப் பார்த்து, "உங்களுக்கு இது சரிவராது, அந்த வரிசையில் பாருங்கள்" என்பார். உட்கார நாற்காலி இருக்கும். புடவை கட்டிக்கொண்டு போய் முதல்முறை பேன்ட் வாங்கிய எனக்கு, எங்கே பிடித்தால் எந்த சைஸ் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது அப்படி ஒருவர்தான். 2005இல் ஆல்டர்ஸ் குழுமம் விழுந்தது. குராய்டன் கடை மட்டும் இன்னும் சில வருடங்கள் ஓடிவிட்டு மூடியது. அந்த மாதிரி விற்பனைப் பெண்களும் அதோடு பெரும்பாலும் போய்விட்டார்கள்.

அதற்கு முன்னும் பின்னும் நாடு முழுக்கத் துணி விற்ற பெரிய கடைகளுக்கு நடந்ததைப் பாருங்கள். 2001இல் சி அண்ட் ஏ இங்கிலாந்தை விட்டே போனது. 1928இல் பிரிக்ஸ்டனில் ஆரம்பித்த பிஹெச்எஸ், 2015இல் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறி, அடுத்த வருடம் ஆகஸ்டில் கடைசிக் கதவையும் சாத்தியது. 2020 நவம்பரில் ஆர்காடியா குழுமம் விழுந்தது. டாரத்தி பெர்கின்ஸ், வாலிஸ், பெரிய சைஸ்களுக்கென்றே இருந்த எவன்ஸ் எல்லாம் அதன் கீழ் இருந்தவை. 1778 வரை வேர் போகும் டெபனம்ஸ் 2021 மே மாதத்தில் முடிந்தது. இந்தப் பெயர்களில் பல இன்றும் இணையத்தில் இருக்கின்றன. இணையத்தில் விற்கும் பூஹூ போன்ற நிறுவனங்கள் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டன, கடைகளை வாங்கவில்லை. 66 வயது அம்மாவுக்குத் தேவைப்பட்டது பெயர் அல்ல, கடை.

வெளியே அதிகம் பேசப்படாத ஒன்றும் இதில் இருக்கிறது. வயதான பெண்கள் நம்பி வாங்கிய பிராண்டுகள் பலவற்றுக்குத் தனிக் கடை அதிகம் கிடையாது. ஜாக் வெர்ட், வின்ட்ஸ்மோர், ஈஸ்டெக்ஸ், பிரசீஸ் ஆகியவை டெபனம்ஸ், ஹவுஸ் ஆஃப் ஃப்ரேசர் போன்ற அங்காடிகளுக்குள்ளே ஓர் ஓரத்தை எடுத்துக்கொண்டு விற்றவை. அங்காடிக்கு ஜலதோஷம் பிடித்தால் இவற்றுக்குக் காய்ச்சல் வரும். இந்த பிராண்டுகளை நடத்திய நிறுவனம் 2017இல் ஒருமுறை, 2018இல் மறுமுறை திவால் நிர்வாகத்துக்குப் போய்க் கலைந்தது. பிரசீஸ் குட்டையான பெண்களுக்கென்றே வெட்டப்பட்டது. ஐந்தடி, ஐந்தடி ஓரங்குலம் இருக்கும் நம் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று அதை வாங்கிப் போட்டவர்களுக்குத் தெரியும். பேன்ட் கால் மட்டும் நீளம் குறைந்திருக்காது. முட்டி வளைவு, இடுப்புக்கும் தொடைக்கும் நடுவே உள்ள உயரம், தோள்பட்டை அகலம் எல்லாமே சேர்ந்து குறைந்திருக்கும்.

மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வயதுப் பெண்களின் கடை என்றால் அதுதான். 1884இல் லீட்ஸ் சந்தையில் மைக்கேல் மார்க்ஸ் போட்ட ஒரு பென்னிக் கடையிலிருந்து வளர்ந்தது. ஒரு காலத்தில் அங்கே போட்டுப் பார்க்க அறையே கிடையாது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார், பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடு என்பதுதான் வழக்கம், அந்த நம்பிக்கையில்தான் வியாபாரம் ஓடியது. பிறகு இளைஞர்களைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. 2001இல் பெர் ஊனா என்ற ஆடை வரிசை வந்தது, இளம்பெண்களை நினைத்து. 2005இல் அறுபதுகளின் புகழ்பெற்ற மாடல் ட்விக்கியை விளம்பரத்தில் கொண்டுவந்தார்கள். 1949இல் பிறந்தவர், அப்போது ஐம்பதுகளின் நடுவில் இருந்தார். அந்த விளம்பரங்கள் நன்றாகவே எடுபட்டன. தன் வயதுப் பெண்ணை அழகாகக் காட்டினால் பெண்கள் பணத்தோடு கடைக்கு வருவார்கள் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனாலும் கடை மறுபடி மறுபடி இளமையின் பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் 2016இல் புதிதாகத் தலைமைக்கு வந்த ஸ்டீவ் ரோ, எங்கள் வழக்கமான வாடிக்கையாளப் பெண்ணைக் கவனிக்கத் தவறிவிட்டோம் என்று வெளிப்படையாகவே சொல்ல வேண்டி வந்தது. சொன்ன அதே வருடம் பல கிளைகளை உணவு மட்டும் விற்கும் கடைகளாக மாற்றப்போவதாக அறிவித்தார்கள். 2018இல் மொத்தம் 100க்கு மேற்பட்ட கடைகளை மூடும் திட்டம் வந்தது. அதனால் சின்ன ஊர்களில் பலகை அப்படியே இருக்கும், உள்ளே சூப்பும் சாண்ட்விச்சும் இருக்கும், ஒரு பாவாடை இருக்காது.

இப்போது வெட்டு விஷயம். பெரும்பாலான நிறுவனங்கள் முதல் மாதிரியை 10 அல்லது 12 சைஸ் உள்ள ஓர் இளம் உடம்பில் போட்டுச் சரிபார்க்கும். அதிலிருந்து எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 14, 16, 18 என்று போகும். உடம்பு அப்படி எல்லாப் பக்கமும் ஒரே அளவில் கூடுவதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு இடுப்பு தடிக்கும், கால் அப்படியே இருக்கும். மார்பு கீழிறங்கும், ஆனால் சட்டையில் மார்புக்காகப் பிடித்த தையல் பழைய உயரத்திலேயே நிற்கும். முதுகு லேசாகக் கூன் போட்டால் முதுகுப் பக்கத்துக்கு அதிகத் துணி வேண்டும். இல்லாவிட்டால் கழுத்துப்பட்டி பின்னால் சரிந்து, முன்கழுத்து தொண்டையைப் பிடிக்கும். மேல்கை பருக்கும். அதனால்தான் 14 போட்டால் அக்குள் இறுக்குகிறது, 16 போட்டால் தோள் வழிகிறது. உங்கள் அம்மா எந்த சைஸும் சரியில்லை என்று சொன்னால் அது பிடிவாதம் இல்லை. கடைக்குக் கடை 14 என்பதே வேறு வேறு அளவு, கட்டாயமான ஒரே அளவு முறை இங்கே கிடையாது.

கை இல்லாத சட்டைகள் இன்னொரு தலைவலி. இங்குள்ள ஆங்கிலேயப் பெண்களும் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், முழங்கை வரை மூடும் ஒரு கை வையுங்கள் என்று. கை வைத்தால் துணியும் கூலியும் கூடுகிறது, அதனால் மலிவான உடைகளில் முதலில் போவது அதுதான்.

பின்பக்க ஜிப்பைப் பற்றியும் சொல்கிறேன். ஒருமுறை டிரயல் ரூமில் பக்கத்துத் திரையை விலக்கிக்கொண்டு எழுபதைத் தாண்டிய ஓர் ஆங்கிலேயப் பெண்மணி எட்டிப் பார்த்தார். கருநீல உடை, அழகாக இருந்தது அவருக்கு. ஜிப் பாதி முதுகில் நின்றுவிட்டது, தோள் வலியால் கை எட்டவில்லை. இழுத்துவிட முடியுமா என்று கேட்டார். இழுத்துவிட்டேன். கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தார், பிடித்திருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. அப்புறம், "இதைக் கழற்றவும் உதவி செய்கிறீர்களா? வீட்டில் நான் தனியாக இருக்கிறேன், எனக்கு இதை யார் மூடிவிடுவார்கள்?" என்றார். உடை திரும்ப மாட்டுக்கம்பிக்குப் போனது. பக்கவாட்டில் ஒரு ஜிப் வைத்திருந்தால் அன்றைக்கு ஒரு விற்பனை நடந்திருக்கும். இதைக் கடையில் யாரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொன்று, இந்தப் பெண்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் இல்லை. 60 வயதில் கிடைத்துவந்த அரசு ஓய்வூதியம், 2018இல் 65, 2020இல் 66 என்று தள்ளிப்போனது. 64 வயதில் காலை ஏழே முக்கால் பஸ் பிடித்து வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மாற்றி மாற்றிப் போட நாலு நல்ல பேன்ட் வேண்டும், பாக்கெட்டோடு. கடையிலோ ஒரு பக்கம் பேத்திக்கானது, மறுபக்கம் எலாஸ்டிக் இடுப்பும் பூப்போட்ட சட்டையும். நடுவில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும்.

சரி, எங்கே வாங்குவது.

நம் அம்மாக்களுக்கு ஒரு பழக்கம் கைவசம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஊரில் டெய்லரிடம் போகும்போது அளவு ஜாக்கெட்டைக் கொண்டுபோவார்களே, அதையே இங்கே செய்யுங்கள். அம்மாவுக்குக் கச்சிதமாக இருக்கும் ஒரு சட்டையையும் ஒரு பேன்ட்டையும் கட்டிலில் விரித்து நாடாவால் அளந்துகொள்ளுங்கள். மார்புச் சுற்று, தோளிலிருந்து தோள், மேல்கைச் சுற்று, பேன்ட்டின் முன் உயரம், உள்கால் நீளம். இதை ஃபோனில் எழுதி வையுங்கள். கடையில் சைஸ் எண்ணைப் பார்க்காமல் துணியை அளந்து பாருங்கள், சின்ன நாடா ஒன்று கைப்பையில் இருந்தால் போதும். கடைக்காரர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரின் பெரிய கிளைகளில் இன்னும் நல்ல துணி இருக்கிறது. பக்கத்து ஊர்க் கிளையை விட்டுவிட்டு, இரண்டு மூன்று தளங்கள் உள்ள கிளைக்குப் போங்கள். பேன்ட்களில் குட்டை, நடுத்தரம், நெட்டை என்று உள்கால் நீளம் பிரித்து வைத்திருப்பார்கள். உள்ளாடைக்கு அளவெடுத்தும் தருவார்கள், முதலில் அதைச் செய்யுங்கள். பிரா சரியாக இருந்தால் பாதிச் சட்டைகள் தாமாகவே பொருந்தும். நெக்ஸ்டிலும் குட்டை சைஸ் கிடைக்கும். பருத்தியும் நீளக் கையும் வேண்டுமென்றால் கார்ன்வாலிலிருந்து வந்த சீசால்ட் நல்லது, விலை கொஞ்சம் கூடுதல். நாற்பதைத் தாண்டியவர்களை நினைத்துத் தைக்கும் ரோமன் என்ற பெயருள்ள கடைகளும் உண்டு. 2015இல் இணையத்தில் வந்த ஒரு படத்தைப் பார்த்து, நீலமும் கறுப்புமா, வெள்ளையும் தங்கமுமா என்று உலகமே சண்டை போட்ட அந்த உடையை விற்றவர்கள் இவர்கள்தான். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கென்றே இருந்த பான்மார்ஷே ஒன்றுக்கு மேற்பட்ட முறை திவால் நிர்வாகத்துக்குப் போனது, உங்கள் ஊரில் கிளை மிச்சமிருந்தால் எட்டிப் பாருங்கள்.

வசதியானவர்கள் இருக்கும் பகுதிகளில், பிறர் கொடுத்த பழைய பொருட்களை விற்கும் தர்மக் கடைகளை விட்டுவிடாதீர்கள். அம்மா முகம் சுளிப்பார், பழைய துணியா என்பார். கூட்டிப்போய் ஒரு கோட்டின் உட்பக்கத் தையலைக் காட்டுங்கள். ஜாக் வெர்ட், வின்ட்ஸ்மோர் மாதிரி மூடிப்போன பிராண்டுகளின் உடைகள் இன்று நேரில் தொட்டுப் பார்க்கக் கிடைப்பது அங்கேதான். தைத்துப் பழகியவர் என்றால் அந்தத் தையலைப் பார்த்ததும் மனம் மாறிவிடுவார்.

தோள் பொருந்தினால் வாங்குங்கள், மற்றதை டெய்லரிடம் விடலாம். லண்டனில் டூட்டிங்கிலும் வெம்ப்ளி ஈலிங் ரோட்டிலும் நம் ஊர்க்காரர்களின் தையல் கடைகள் இருக்கின்றன. இடுப்பைப் பிரித்து விடுவது, கால் மடிப்பது, கை வைப்பது எல்லாம் செய்வார்கள். தோளை மாற்றுவது மட்டும் வேண்டாம், செலவும் அதிகம், நன்றாகவும் வராது.

இணையத்தில் வாங்குவதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் மூன்று சைஸ் வரவழைத்து இரண்டைத் திருப்பி அனுப்பும் வழி பல நிறுவனங்களில் இப்போது இலவசம் இல்லை. 2022இல் ஸாரா திருப்பி அனுப்பக் காசு பிடிக்கத் தொடங்கியது, வேறு பல நிறுவனங்களும் அப்படிச் செய்கின்றன. கடையிலேயே கொண்டுபோய்த் திருப்பித் தர வழி உள்ள நிறுவனங்களில் மட்டும் வாங்குங்கள்.

குளிர்காலத்துக்கு முன் கார்டிகனோ கோட்டோ வாங்கப் போகும்போது, அம்மா உள்ளே போடும் தெர்மலும் அதன் மேல் சுடிதார் டாப்ஸும் போட்டுக்கொண்டே வரட்டும். மெல்லிய சட்டையோடு போய் வாங்கும் கார்டிகன் டிசம்பரில் அக்குளில் பிடிக்கும். செவ்வாய், புதன் மாதிரி வாரநாள் காலையில் போங்கள். சனிக்கிழமை கூட்டத்தில் யாரும் நின்று பேச மாட்டார்கள். வாரநாளில் பழைய விற்பனைப் பெண் ஒருவராவது அகப்படுவார், அவரிடம் அம்மாவையே நேராகக் கேட்கவிடுங்கள். நீங்கள் நடுவில் மொழிபெயர்க்க வேண்டாம், துணியைத் தொட்டுக் காட்டினாலே இருவருக்கும் புரிந்துவிடும்.