ரொட்டிக் கணக்கில் இருக்கும் அரசியல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை சோவியத் நகரான லெனின்கிராடை முற்றுகையிட்டிருந்தபோது பள்ளி மாணவி லேனா முகினா எழுதிய நாட்குறிப்பை வாசித்தேன். போர் அரசியலை ஓர் இளம்பெண் எப்படிப் பார்த்தாள் என்று அறிய நினைத்தேன். தொடக்கத்தில் கொஞ்சம் இருக்கிறது. குளிர்காலம் வந்ததும் ரொட்டி, சூப், வரிசை என்றே போகிறது. ஏன் இப்படி?

கா., மதுரை

அன்புள்ள கா.,

ரொட்டிக் கணக்கிலேயே தேடுங்கள், அரசியல் அங்கேதான் இருக்கிறது. அந்நகரின் ரேஷன் அட்டை நான்கு வகை: தொழிலாளர், அலுவலக ஊழியர், பிறரைச் சார்ந்திருப்போர், 12 வயதுக்குட்பட்ட குழந்தைகள். 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 24 வரை தொழிலாளருக்கு நாளுக்கு 250 கிராம் ரொட்டி, மற்ற மூவருக்கும் 125. அளவு இறங்கிய மறுநாள் லேனாவுக்கு 17 வயது நிறைந்தது.

அந்த 125 கிராமை நம்மூர் பேக்கரி ரொட்டியாக நினைக்க வேண்டாம். மாவில் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் மரச் செல்லுலோஸும் கலந்திருக்கும். ஈரத்தில் கனத்துப்போன ரொட்டி. எடை சரியாக இருந்தாலும் கைக்கு வருவது சின்னத் துண்டுதான்.

12 வயது தாண்டிய மாணவி ‘சார்ந்திருப்போர்’ பட்டியலில் விழுவாள். ரொட்டி குழந்தைக்குள்ள அளவே. தானியம், கொழுப்பு, சர்க்கரையில் ஆகக் குறைந்த பங்கு. வேலைக்குப் போகாத இல்லத்தரசிக்கும் இதே அட்டை. நேவா ஆற்றுப் பனியில் துளையிட்டுத் தண்ணீர் சுமந்தவளும், விடியுமுன் கடை வாசலில் நின்றவளும், விறகு தேடி அலைந்தவளும் அவள்தான். அத்தனை உழைப்பில் ஒன்றுகூட அரசின் கணக்கில் ஏறவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

உணவகத்தில் சூப்போ கஞ்சியோ வாங்கினாலும் அட்டையிலிருந்து கூப்பனைக் கத்தரித்துக்கொள்வார்கள். அதனால் எதை எங்கே செலவழிப்பது என்ற கணக்கு ஓயாது. அட்டை தொலைந்தால் அந்த மாதத்துக்கு மாற்று கிடைப்பது மிக அரிது. 1942 பிப்ரவரியில் கொம்சோமால் என்ற கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பின் குழுக்கள் உதவிக்காக வீடுவீடாகப் போயின. அவற்றில் பெரும்பாலும் இளம்பெண்கள். எழ முடியாதவர்களுக்கு ரொட்டி வாங்கித் தர வேண்டுமென்றால், அந்த வீட்டார் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் அட்டையைக் கொடுத்தாக வேண்டும். அன்றைய சமூக வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

மறுபடி வாசிக்கும்போது தேதிகளுக்குப் பக்கத்தில் ரேஷன் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். உறைந்த லடோகா ஏரியின் மேல் நகருக்குச் சரக்கு கொண்டுவந்த பனிப்பாதை திறந்து ஒரு மாதத்துக்குப் பின், டிசம்பர் 25 அன்று தொழிலாளர் ரொட்டி 350 கிராமாகவும் மற்றவர்களுடையது 200 ஆகவும் உயர்ந்தது. ஆனாலும் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் சாவு குறையவில்லை. உடல்கள் அதற்குள் கரைந்துபோயிருந்தன. தானியத்துக்கும் கொழுப்புக்கும் உரிய கூப்பன்கள் கையில் இருந்தும் கடைக்குப் பல நாள் சரக்கு வரவில்லை.