ஊருக்குப் போகும் முன் பிள்ளைகளுக்கு ஊசி

தம்பி, இங்கிலாந்தின் ரெடிங்கில் குடியேறி ஈராண்டுதான் ஆகிறது, பொங்கலுக்குத் தஞ்சாவூர் போகிறோம், நான்கு வயது மகளுக்கும் ஒன்றரை வயது மகனுக்கும் அசுத்தமான தண்ணீர், உணவு வழியே தொற்றும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் ஏ-க்கு ஊசி அவசியமா, எந்த விமானம் நல்லது, எத்தனை பெட்டி விடுவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். விமானமும் பெட்டியும் எப்படியும் அமைந்துவிடும். ஊசியைக் கட்டாயம் போடுங்கள்.

"நாம் குடித்து வளர்ந்த தண்ணீர்தானே" என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சை நம்பித்தான் 2012இல் பத்து வயது மகனைக் கும்பகோணத்துக் கல்யாணத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒன்றும் ஆகவில்லை. லண்டன் திரும்பிய நான்காம் வாரம் காய்ச்சல், வாந்தி. பிறகு கண் மஞ்சளானது. இந்தக் கிருமி இரண்டு முதல் ஏழு வாரம் வரை வெளியே தெரியாமல் உள்ளேயே இருக்கும். கீழாநெல்லி அரைத்துக் கொடு என்று அம்மா தொலைபேசியில் அழுதார். அவன் பழையபடி ஓடியாட இரண்டு மாதம் ஆயிற்று.

அப்போது என் ரத்தத்தையும் சோதித்தார்கள். எனக்கு அது எப்போதோ வந்து போயிருந்தது! சின்ன வயதில் வந்தால் பெரும்பாலும் அடையாளமே காட்டாது. எதிர்ப்புச் சக்தி மட்டும் ஆயுள் முழுக்க நிற்கும். வளர்ந்தபின் வந்தால்தான் படுக்கையில் தள்ளும். நம் உடம்பு தாங்கியதை வைத்து இங்கே வளரும் பிள்ளையைக் கணக்கிடாதீர்கள். உங்கள் மகனுக்குத் தெரியாமலே வந்து போனாலும், மலம் வழியே அவனுக்கு டயப்பர் மாற்றுகிறவருக்குத் தொற்றும்.

கைக்குழந்தையில் போட்ட, ஆறு நோய்களுக்கான சிக்ஸ்-இன்-ஒன் ஊசியில் ஹெபடைடிஸ் இருக்கிறதே என்றும் சிலர் வாதாடுவார்கள். 2017இல் அதில் சேர்த்தது ஹெபடைடிஸ் பி. ஹெபடைடிஸ் ஏ வேறு கிருமி, வேறு ஊசி. இந்நாட்டின் வழக்கமான அட்டவணையில் அது இல்லை, நாம்தான் கேட்க வேண்டும். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டுவிடுங்கள். ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் இரண்டாவது ஊசி. அதோடு இருபத்தைந்து ஆண்டுக்குக் கவலை இல்லை. பெட்டி பெட்டியாகச் சாக்லேட் வாங்கும் நம்மவர்கள், இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். இலவசமாகத் தரும் ஊசிக்கு நேரமில்லை என்னும்போது எனக்குக் கோபம் வருகிறது. நான் இப்போது டிக்கெட் எடுக்கும் நாளிலேயே சர்ஜரிக்கும் (நம் டாக்டரின் கிளினிக்கை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பேசிவிடுகிறேன்.

1999 பிப்ரவரியில் ஈஸ்ட் ஹாமில் ஓர் அறையில் நான்கு பேர் தங்கியிருந்தோம். எனக்குக் கடுங்காய்ச்சல். டாக்டரிடம் பெயர் பதிய வேண்டும் என்பதே தெரியாது. கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து அம்மாதான் தன் கம்பளிக் கோட்டைப் போர்த்தி, சர்ஜரிக்கு நடத்திக் கூட்டிப்போய்ப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். கும்பகோணம் புறப்பட்ட வாரமும் அவர் கேட்டார்: "பிள்ளைக்கு ஊசி போட்டாச்சா, தம்பி?" வந்து போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு நான் பெட்டியைக் கட்டப் போனேன்.